நாலு பேர், இரண்டு பெல்ட், ஒரு கொளுவல்: டேக் டீம் கதை கட்டுபவருக்கு 2கே23 ரெஸ்லிங் கேம் சரிவருமா?

ரெபரியின் கை இரண்டாவது தடவை மேடையில் விழுந்துவிட்டது. ஜே ஊசோ மல்லாந்து கிடக்கிறார். ஃபினிஷர், அதாவது முடிவடி, வாங்கியவர், எழும்ப வழியில்லை. மூன்றாவது அடி விழப்போகும்போது அவருடைய ஜோடி ஜிம்மி கயிற்றுக்குள்ளால் பாய்ந்து வந்து பின்னை (மூன்று எண்ணும்வரை தோளை மேடையில் அழுத்துவதை) உடைக்கிறார். கட்டம் விறுவிறுப்பு, சரி. அடுத்த பின்னிலும் அதே. அதற்கடுத்ததிலும் அதே. ஆறாவது தடவையும் உடைக்கும்போது கொன்ட்ரோலரை வைத்துவிட்டு பிளேன்ரீ குடிக்கப் போகலாம் போல இருக்கும். டபிள்யூடபிள்யூஈ 2கே23 இல் கம்பியூட்டரோடு டேக் டீம் (ஜோடிக்கு ஜோடி, கை தொட்டு ஆள் மாறும் ஆட்டம்) ஆடியவர்களுக்கு இந்த ஆறாவது உடைப்பு நன்றாகத் தெரியும்.

கல்முனையிலிருந்து வாழைச்சேனை வரை, மணித்தியாலக் கணக்கில் பிஎஸ்4 விளையாட விடும் கடைகளில் பெடியன்கள் ரெஸ்லிங் போட்டால் பெரும்பாலும் ஒருவருக்கு ஒருவர்தான். ரோமனை ஒருவன் எடுப்பான், புரொக்கை மற்றவன் எடுப்பான், பத்து நிமிடத்தில் அலுவல் முடிந்துவிடும். இந்த விமர்சனம் அவர்களுக்கானதில்லை. நாலு பேரை வைத்து, கிழமைக் கணக்கில் ஒரு பகையை வளர்த்து, கடைசி இரவில் பெல்ட்டைக் கைமாற்றிப் பார்க்க ஆசைப்படும் ஆக்களுக்கு இந்த டிஸ்க் எவ்வளவு உதவும், எங்கே காலை வாரும் என்பது மட்டுமே இங்கே.

2கே24, 2கே25 எல்லாம் வந்தபிறகு எதற்குப் பழையது? பழைய டிஸ்க் மலிவு என்பது ஒரு காரணம். மற்றது, டேக் டீம் கதைக்கு வேண்டிய சாமான்கள் இதில்தான் முதன்முதலாக ஒன்றாகச் சேர்ந்தன. ஷோ நடத்தும் மனேஜராக ஆடும் மோட்தான் மைஜிஎம்; 2கே22 இல் அது திரும்பி வந்தபோது டேக் டீம் பட்டமே இருக்கவில்லை. 2கே23 அதைச் சேர்த்தது. கூண்டுக்குள் நடக்கும் வோர்கேம்ஸ் ஆட்டம் இந்தப் பதிப்பில் வந்தது. கிழமைக்குக் கிழமை ஷோக்கள் ஓடும் யுனிவர்ஸ் மோடில் பகைகள் நடக்கும் முறையையும் இதில்தான் திருத்தி எழுதினார்கள்.

இன்னொரு சுவாரசியமும் இருக்கிறது. இந்த கேம் கடைக்கு வந்தது 2023 மார்ச் 17. அதே நாள் இரவு ஸ்மாக்டவுன் டிவி ஷோவில்தான், மாதக்கணக்காக முகம் கொடுக்காமல் இருந்த கெவின் ஓவன்ஸும் சாமி ஸெய்னும் கட்டிப்பிடித்தார்கள். இரண்டு கிழமை கழித்து, ஏப்ரல் 1 அன்று, வருடத்தின் பெரிய ஷோவான ரெஸில்மேனியா 39 இன் முதல் இரவின் கடைசி ஆட்டத்தில் ஊசோக்களிடமிருந்து பெல்ட்டை எடுத்தார்கள். ஊசோக்களின் ஸ்மாக்டவுன் பட்ட ஆட்சி 622 நாளில் நின்றது. டேக் பட்டத்தில் அதற்கு முந்திய சாதனை நியூ டே ஜோடியின் 483 நாள், அதற்கும் முன் டெமொலிஷன் ஜோடியின் 478 நாள். ஊசோக்கள் இருவர், ஓவன்ஸ், சாமி நாலு பேரும் இந்த டிஸ்க்கில் இருக்கிறார்கள். ஆகவே இந்த கேமுக்கு வைக்கக்கூடிய நேர்மையான பரீட்சை ஒன்றுதான்: அந்தக் கதையை இதற்குள் மறுபடி கட்ட முடியுமா?

அது எப்படிக் கட்டப்பட்டது என்று முதலில் பார்க்கவேண்டும். 2022 நவம்பர் 26, சர்வைவர் சீரிஸ் வோர்கேம்ஸ்: சாமி தன் பழைய கூட்டாளி ஓவன்ஸை அடித்துவிட்டு ஊசோக்கள் பக்கம் நின்றார், ஜே வென்றார். 2023 ஜனவரி 28, ரோயல் ரம்பிள்: ஓவன்ஸைக் கதிரையால் அடிக்கச் சொன்னார்கள், சாமி கதிரையை ஊசோக்களின் தலைவனான ரோமன் மேலேயே இறக்கினார். பெப்ரவரி 18, சொந்த ஊரான மொன்றியலில் ரோமனிடம் தோற்றார். பிறகுதான் ரெஸில்மேனியா. நவம்பர் 26 இலிருந்து ஏப்ரல் 1 வரைக்கும் சரியாக 18 கிழமை. இந்த 18 கிழமையின் பெரிய தரிப்புகள் ஒன்றிலும் இரண்டு ஜோடியும் இரண்டுக்கு இரண்டாகப் பட்டத்துக்கு மோதவில்லை. அந்த ஆட்டம் கடைசி வரைக்கும் பொத்திவைக்கப்பட்டது. அது வரும் என்று சனத்துக்குத் தெரியும், வரட்டும் என்று தவித்தது. ஊதியம் கிடைத்தது அந்தப் பொத்திவைப்புக்குத்தான்.

மட்டக்களப்பு ஆக்களுக்கு இது புதிதில்லை. கூத்துக்கு அண்ணாவியார் எப்படியோ ரெஸ்லிங்குக்கு, யார் வெல்வது என்று எழுதும் புக்கர் அப்படி. யார் செத்துவிழுவான் என்று ஊருக்கே தெரிந்த கதையைத்தான் விடிய விடிய இருந்து பார்க்கிறோம். ஒவ்வொருவனுக்கும் தன் வரவு இருக்கிறது, இங்கே என்ட்ரன்ஸ் மியூசிக் என்கிறார்கள். ஆனால் டேக் டீம் பகைக்குக் கூத்தைவிடக் கிட்ட நிற்பது கொம்பு விளையாட்டு. வடசேரி, தென்சேரி என்று ஊர் இரண்டாகும். ஒன்றில் ஒன்று கொளுவிய கொம்பை இரண்டு பக்கமும் இழுக்கும், ஒன்று முறியும்வரை. கயிற்றில் கை வைத்திருப்பவன் இன்னார் என்று யாரும் கேட்பதில்லை, எந்தச் சேரி என்றுதான் கேட்பார்கள். 2கே23 கோட்டைவிடும் இடம் இதுதான். அதன் கணக்கில் டேக் டீம் என்பது ஒரே மூலையில் நிற்கும் இரண்டு தனி ஆள்கள். அவர்களை ஒரு சேரியாக்கும் வேலை முழுக்க உங்கள் தலையில்.

மைஜிஎம்மை முதலில் முடித்துவிடுவோம், அதில் அதிகம் மினக்கெடத் தேவையில்லை. ஐந்து கிழமைக்கு ஒருமுறை பெரிய ஷோ வரும். போட்டியாளர்கள் மோத மோத பகையின் மட்டம் ஏறும், உச்சம் 4. ஆட்டப் பாணி பார்த்து ஃபைட்டரை புரூசரோடும், குரூசரை ஜயன்டோடும் விட்டால் ஆட்டத்துக்கு நட்சத்திரம் கூடும். ஒரு பக்கம் ஃபேஸ் (நல்லவன்), மறுபக்கம் ஹீல் (கெட்டவன்) என்றால் இன்னும் கூடும். டேக் டீமில் இடிப்பது ஸ்டமினா. ஒரு ஆட்டத்துக்கு நாலு பேர் களைத்துப்போகிறார்கள். ஆள் குறைந்த ரோஸ்டரில் இரண்டு டேக் ஆட்டம் போட்டீர்களோ, அடுத்த கிழமை அரைவாசிப் பேர் நொண்டுவார்கள். குறைந்தது மூன்று ஜோடி இல்லாமல் டேக் பட்டத்தில் கை வைக்காதீர்கள்: இரண்டு ஜோடி மோதும் கிழமையில் மூன்றாவது இளைப்பாறவேண்டும்.

அதைவிடப் பெரிய குறை, மைஜிஎம்மில் பகை பெரிய ஷோவோடு முடிந்துவிடும். அதாவது ஐந்து கிழமைக் கதை. 18 கிழமைக் கதைக்கு இங்கே இடமில்லை. கணக்குப்பிள்ளை வேலை பிடித்தவர்களுக்கு நல்ல மோட், கதை பிடித்தவர்களுக்குச் சரிவராது.

கதைக்காரருக்கு யுனிவர்ஸ்தான் வீடு. உள்ளே கிளாசிக், சூப்பர்ஸ்டார் என்று இரண்டு வழி. சூப்பர்ஸ்டாரில் ஒரு ஆளின் பின்னால் மட்டும் போவீர்கள். நாலு பேர் கதைக்கு அது காணாது. கிளாசிக்கை எடுங்கள். எடுத்ததும் ஆட்டம் தொடங்கப் போகாமல் நாலு அலுவல் பாருங்கள். ஒரு ஷோவுக்கு நாலு, ஐந்து ஜோடியை மட்டும் விட்டு மிச்சத்தை வேறு ஷோவுக்குத் தள்ளுங்கள். டேக் பெல்ட் அந்த ஷோவுக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கேம் தானாகப் பட்ட ஆட்டம் போடாது. உங்கள் இரண்டு ஜோடியிலும் உள்ள யாரும் தனிப்பட்ட பெல்ட் எதையும் வைத்திருக்கக்கூடாது. ஃபேஸ், ஹீல் இரண்டு பங்காளிக்கும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். ஒருவன் நல்லவன், கூட்டாளி கெட்டவன் என்று விட்டால் கேம் கொஞ்ச நாளில் இருவரையும் எதிரெதிரே நிறுத்தப் பார்க்கும்.

பிறகும் ஒன்று பிழைக்கும். கார்ட்டை, அதாவது அன்றைய ஆட்டப் பட்டியலை, கேமின் இஷ்டத்துக்கு விட்டால், மூன்றாம் கிழமையே உங்கள் நாயகன் ஒருவன் வேறு யாரோடோ தனி ஆட்டத்தில் நிற்பான், அல்லது அதே இரண்டு ஜோடி கிழமைக்குக் கிழமை அதே இரண்டுக்கு இரண்டு ஆட்டத்தை ஆடிக்கொண்டிருக்கும். ரெஸில்மேனியாவுக்கு வைத்திருந்த சாமான் சாதாரண திங்கட்கிழமையில் நாலு தடவை செலவாகிவிடும். ஆகவே ஒவ்வொரு கிழமைக் கார்ட்டையும் கையால் திருத்தவேண்டும். ஒரு சீஆர் கொப்பி எடுத்து, ஒரு பக்கத்துக்கு ஒரு கிழமை என்று எழுதிக்கொண்டால் வேலை லேசு.

எப்படி எழுதுவது? கணக்கு சின்னது. ஒரு ஜோடியில் இருவர், மற்றதில் இருவர். ஒருவருக்கு ஒருவராக மோதவிட்டால் நாலு ஆட்டம் வரும். இரண்டுக்கு இரண்டு ஒன்று. ஒரே ஆட்டத்தைத் திரும்பப் போடாமலே ஐந்து இரவு கையில் இருக்கிறது. பெரும்பாலான ஆக்கள் இதை மறந்துவிட்டு முதல் இரவே ஐந்தாவதைப் போட்டுவிடுகிறார்கள்.

ஸ்ட்ரீட் புரொஃபிட்ஸ் (ஃபோர்ட், டோகின்ஸ்) சாம்பியனாகாத ஜோடி, ஊசோக்கள் சாம்பியன் என்று எடுத்துக்கொள்வோம். முதல் கிழமை புரொஃபிட்ஸ் மூன்றாவது ஜோடி ஒன்றை நேராக வென்று வாய்ப்பை எடுக்கட்டும். ஊசோக்கள் அன்று அடிபடவே வேண்டாம். இரண்டாம் கிழமை ஃபோர்டும் ஜேயும் தனியாக. வெளியே நிற்கும் ஜிம்மி குறுக்கிட்டு ஜே வெல்லட்டும். மூன்றாம் கிழமை டோகின்ஸும் ஜிம்மியும், இங்கே டோகின்ஸ் சுத்தமாக வெல்லவேண்டும், இல்லாவிட்டால் சவால் விடுபவனுக்கு வலு இருக்கிறது என்று யாரும் நம்பமாட்டார்கள். நாலாம் கிழமை பெரிய ஷோ, முதல் பட்ட ஆட்டம். சாம்பியன்கள் தகுதிநீக்கத்தில் தோற்று பெல்ட்டைக் காப்பாற்றட்டும். ஐந்தாம், ஆறாம் கிழமைகளில் ஃபோர்டைக் காயம் என்று கார்ட்டிலிருந்தே எடுத்துவிடுங்கள். டோகின்ஸ் தனியாக இருவரோடு அடிபட்டுத் தோற்கட்டும், மறுகிழமை இன்னொருவனைத் துணைக்குக் கூட்டி வந்தும் தோற்கட்டும். ஏழாம் கிழமை ஃபோர்ட் ரன்-இன்னில், நடு ஆட்டத்தில் ஓடிவந்து, திரும்புவான். எட்டாம் கிழமை ஏணி ஆட்டம், மேலே தொங்கும் பெல்ட்டை ஏறி எடுப்பது.

ஃபோர்டை வெளியே எடுப்பதுதான் இதில் உயிர்நாடி. பங்காளி இல்லாத வெறும் மூலையைப் பார்த்தால்தான் அவர்கள் ஒரு ஜோடி என்று உறைக்கும். தனித்தனி ஆள்களாகக் கணக்குப் போடும் கேமை ஏமாற்றிச் சேரி கட்டும் வழி இது.

ஏணியையும் மேசையையும் கடைசிக்கு வைக்கச் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. ஹார்டி சகோதரர்களும் எட்ஜ்–கிறிஸ்டியனும் 1999 ஒக்டோபர் 17 நோ மேர்ஸியில் ஏணியோடு தொடங்கினார்கள். 2000 ரோயல் ரம்பிளில் ஹார்டிகளும் டட்லிகளும் மேசையோடு மோதினார்கள். 2000 ஏப்ரல் 2 ரெஸில்மேனியாவில் மூன்று ஜோடியும் ஏணியில். ஓகஸ்ட் 27 சமர்ஸ்லாமில்தான் மேசை, ஏணி, கதிரை மூன்றும் சேர்ந்து டிஎல்சி என்ற பெயர் வந்தது. 2001 ஏப்ரல் 1 அன்று, பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்த ஜெஃப் ஹார்டியை எட்ஜ் ஏணியிலிருந்து பாய்ந்து ஸ்பியர் அடித்த இரண்டாவது டிஎல்சி. படிப்படியாகச் சாமான் கூடியது. எட்டு கிழமைக் கதையில் முதல் ஆட்டத்திலேயே டிஎல்சி போட்டால் அதற்குப் பிறகு கூட்ட ஒன்றும் மிஞ்சாது. சோகம் என்னவென்றால் இந்த டிஸ்க்கில் எட்ஜ் இருக்கிறார், கிறிஸ்டியனும் ஹார்டிகளும் இல்லை. இந்த கேம் வந்த காலத்தில் அவர்கள் வேறு கம்பனியில்.

இனி மேடைக்குள்.

நல்ல டேக் ஆட்டத்துக்கு ஒரு பழைய அச்சு இருக்கிறது. ஃபேஸ்கள் கொஞ்ச நேரம் ஆடிக்காட்டுவார்கள். ஹீல்கள் ஏதாவது களவுவேலை செய்து ஒருவனைப் பிடித்துக்கொள்வார்கள். அவனைத் தங்கள் மூலையிலேயே வைத்து மாறி மாறி அடிப்பார்கள். அவன் ஊர்ந்து ஊர்ந்து பங்காளியின் கைக்கு ஒரு விரல் தூரத்தில் வருவான், காலைப் பிடித்து இழுத்துவிடுவார்கள். கடைசியில் கை படும். அந்த ஹொட் டேக்கில்தான் மண்டபம் எழும்பும். 80களில் ரொக் அன் ரோல் எக்ஸ்பிரஸின் ரிக்கி மோர்டன் இந்த அடிவாங்கும் வேலையை எவ்வளவு திறமாகச் செய்தார் என்றால், ஆங்கிலத்தில் அந்தப் பாத்திரத்துக்கே அவர் பெயரைச் சொல்வார்கள். அவர்களுக்கு எதிரே மிட்நைட் எக்ஸ்பிரஸ், பக்கத்தில் டெனிஸ் மட்டையோடு ஜிம் கோர்னெட். இரண்டு பக்கத்தாரும் வருடக்கணக்காக ஊர் ஊராக இதே அச்சில் அடிபட்டார்கள், சனம் அலுக்கவில்லை.

நாலு மனிதர், நாலு கொன்ட்ரோலர் இருந்தால் 2கே23 இந்த அச்சுக்கு நன்றாக வளைந்து கொடுக்கும். இங்கே கேமைப் பாராட்டத்தான் வேண்டும். கொம்போ அடிக்கும்போது எதிராளி எந்த பட்டனை அழுத்துவான் என்று ஊகித்து அதே பட்டனை அழுத்தினால் கொம்போ உடையும். ஊகம் பிழைத்தால் முழு அடியும் விழும். ஹீல் மூலைக்குள் மாட்டியவனுக்கு இது உண்மையான பதற்றம். வீட்டுச் சட்டம் மூன்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஜோடி பின்னை உடைப்பது ஆட்டத்துக்கு இரண்டு தடவை மட்டும். முதல் ஹொட் டேக்குக்கு முன் ஃபினிஷர் இல்லை. ஹொட் டேக்குக்குப் பிறகு உள்ளே வருபவனை ஹீல்கள் அரை நிமிடம் ஆடவிடவேண்டும். பதினைந்து நிமிட ஆட்டமென்றால் ஆடிக்காட்ட மூன்று, அடிவாங்க ஆறு அல்லது ஏழு, மிச்சம் முடிவுக்கு. அடிவாங்கும் பகுதி ஐந்து நிமிடத்துக்குக் குறைந்தால் ஹொட் டேக் சப்பென்று போகும்.

ரெபரி பார்க்காமல் விட்ட டேக் என்று ஒரு அருமையான பழைய வித்தை உண்டு. கை பட்டதை ரெபரி காணாமல், உள்ளே வந்த ஃபேஸைத் திருப்பி வெளியே அனுப்புவார், ஹீல்கள் அந்த நேரத்தில் மற்றவனைப் பந்தாடுவார்கள். அதற்கு இந்த கேமில் வழியில்லை. பெரிய இழப்பு.

கம்பியூட்டரோடு ஆடினால் அந்த ஆறாவது உடைப்புக்கு மருந்து இடம்தான். எதிரியின் பங்காளி தன் மூலையிலிருந்து ஓடிவரும் தூரம் எவ்வளவு என்பதில்தான் பின் நிற்பதும் உடைவதும். பின் போடவேண்டிய ஆளை உங்கள் மூலைக்கு இழுத்து வாருங்கள். மேடை நடுவில் போட்டால் உடையும், அவன் மூலையடியில் போட்டால் நிச்சயம் உடையும். அதற்கு முதல் கயிற்றுக்கு வெளியே நிற்பவனை ஒரு குத்துவிட்டுக் கீழே விழுத்துங்கள். அவன் எழும்பி வரும் சில வினாடிதான் உங்கள் நேரம். ஆகவே ஒழுங்கு இப்படி: எதிராளியை உங்கள் பக்கத்தில் களைக்கவைத்து, ஓடிப்போய் வெளியே நிற்பவனை விழுத்தி, திரும்பி வந்து ஃபினிஷர், உடனே வலது ஸ்டிக்கைக் கீழே இழுத்துப் பின். ஒழுங்கு மாறி ஃபினிஷரை முதல் அடித்தால் அது வீண். ரிவர்சல் (எதிராளி அடியைத் திருப்பிவிடுவது) வீதத்தை ஸ்லைடரில் குறைத்தால் ஆட்டம் சுருங்கும் என்று சிலர் நினைப்பார்கள். டேக் ஆட்டத்தை இழுப்பது ரிவர்சல் இல்லை, உடைப்பு.

வோர்கேம்ஸ் தனியே ஒரு வரி பெறும். இரண்டு மேடை, சுற்றி ஒரே கூடு, மூன்றுக்கு மூன்று அல்லது நாலுக்கு நாலு. எல்லாரும் உள்ளே வந்தபிறகுதான் பின் செல்லும், அதனால் டேக்கும் இல்லை, ஓடிவந்து உடைக்கும் தொல்லையும் பாதி இல்லை. இரண்டு ஜோடிப் பகை நடுவழியில் தளர்ந்தால் ஒவ்வொரு பக்கமும் ஒருவரை, இருவரைச் சேர்த்து இதற்குள் தள்ளிவிடலாம். சாமி கதையும் இங்கேதானே தொடங்கியது.

இனி கொடுக்கல் வாங்கல். மெனு, வர்ணனை ஒன்றிலும் தமிழ் இல்லை, ஆங்கிலம் கொஞ்சம் ஓடவேண்டும். கம்பியூட்டர் பதிப்புக்கு 80 ஜிபி இடம், 8 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 1060 அளவு கிராபிக்ஸ் கார்ட் கேட்கும். டிஸ்க் வாங்கினாலும் அப்டேட் பெரிது, இரவுநேர டேட்டாவுக்கு விட்டுவிட்டுப் படுங்கள். 2கே கம்பனி பழைய பதிப்புகளைச் சில வருடத்தில் ஒன்லைன் விற்பனையிலிருந்து எடுத்து சேர்வரையும் மூடும் பழக்கமுள்ளது, 2கே22 க்கு அப்படித்தான் நடந்தது. ஆகவே ஆக்கள் செய்து பகிர்ந்த ஹார்டிகளை இறக்கிக்கொள்ளலாம் என்ற நினைப்பில் இதை வாங்கவேண்டாம். சேர்வர் இல்லாமலும் ஓடுவது யுனிவர்ஸ், மைஜிஎம், நாலு கொன்ட்ரோலர் ஆட்டம். இந்த விமர்சனத்துக்கு வேண்டியதும் அவ்வளவுதான்.

கடையில் போய் விளையாடுபவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். எட்டு கிழமைக் கதையை ஏழு கிழமை கட்டியபின், வேறொருவன் வந்து அதே அக்கவுண்டில் புது யுனிவர்ஸ் தொடங்கி உங்களுடையதின் மேலேயே சேவ் பண்ணிவிடுவான். கடை பிஎஸ்4 இல் உங்கள் சொந்த அக்கவுண்டைப் போடவிடுவார்களா என்று முதலே கேளுங்கள். பிறகு ஒவ்வொரு நாளும் எழும்பமுதல் செட்டிங்ஸில் அப்ளிகேஷன் சேவ்ட் டேட்டா மனேஜ்மென்ட் போய், சிஸ்டம் ஸ்டோரேஜில் உள்ளதைப் பென் டிரைவுக்குக் கொப்பி எடுங்கள். அந்த சேவ் அதே அக்கவுண்ட் உள்ள மெஷினில்தான் திறக்கும். பிஎஸ்5 பதிப்பு சேவை இப்படிப் பென் டிரைவில் எடுக்கமுடியாது, காசு கட்டும் பிளஸ் கிளவுட் வேண்டும். ஓட்டோசேவ் அடையாளம் மூலையில் சுற்றும்போது கரண்ட் போனால் கோப்பு பழுதாகலாம், அதற்கும் அந்தப் பென் டிரைவ்தான் துணை.

நாலு பேர் சேர்ந்து ஆட ஆளிருந்தால் ஐந்துக்கு நாலு. கம்பியூட்டரோடு தனியே என்றால் இரண்டரை, அதுவும் சீஆர் கொப்பியும் பொறுமையும் இருப்பவருக்கு.